தொட்டதும் மறைந்த பழுது

சங்கரா,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன், இடம் இருந்தால் பார்க்கலாம். உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. அதற்குள் ஐந்து முறை படித்தாயிற்று. ஐந்து முறையும் ஒரே வரியில் வந்து நின்றுவிட்டேன். இன்று அடையாற்றுக்குப் போகாமல், கல்லூரி லேபுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, எட்டரை மணிக்கு இந்த மேஜை முன்னால் உட்கார்ந்தேன். இப்போது பதினொன்றாகப் போகிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன், மூன்று தடவை தண்ணீர் குடித்திருக்கிறேன், ஒழுகாத குழாயை ஒரு தடவை இறுக்கியிருக்கிறேன். மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஒவ்வொரு மின்சார ரயில் வரும்போதும் மேஜை அதிர்கிறது, அதனால்தான் எழுத்து ஓடவில்லை என்று ரயில் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். இருபது வருஷமாக அதே ரயில், அதே மேஜை. ரயிலுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

நீ கேட்டது சாதாரணக் கேள்விதான். உங்கள் பெங்களூர் கம்பெனியில் மைக்ரோபிராசஸர் வைத்து முதன்முதலாக ஒரு கண்ட்ரோல் பெட்டி செய்கிறீர்கள். அதில் வரும் பழுதுகளைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நீ சொல்ல வேண்டும். ஒன்று, வெளிநாட்டு எமுலேட்டர். போர்டில் இருக்கும் மைக்ரோபிராசஸர் சில்லைப் பிடுங்கிவிட்டு, இதன் வாலை அந்தக் குழியில் செருகினால், சில்லு செய்கிற வேலையைத் தானே செய்துகொண்டு, ஒவ்வொரு அடியிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று திரையில் காட்டும். இரண்டாவது, பதினாறு கம்பிகளை ஒரே நேரத்தில் கவனித்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் லாஜிக் அனலைசர். மூன்றாவது, நீங்களே செய்துகொள்ளக்கூடிய ஒரு அட்டை. ஸ்விட்சை அழுத்தினால் சில்லு ஒரே ஒரு அடி நகரும், வரிசையாகச் சின்ன விளக்குகள் எரிந்து அது எங்கே நிற்கிறது என்று சொல்லும். மூன்றையும் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறாய். எமுலேட்டர் மேல் உனக்கு ஆசை என்று கையெழுத்திலேயே தெரிகிறது. ஓட்டிப் பார்ப்பதற்காக இரவலாக வந்த எமுலேட்டரைச் செருகினால் உன் போர்டு நாள் முழுக்க ஓடுகிறது என்றும், அதை எடுத்துவிட்டுச் சொந்தச் சில்லைப் போட்டால் பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது என்றும் சொல்கிறாய். அதற்கு அடுத்த வரிதான் நான் நின்ற வரி. ‘ஆகவே டிசைனில் தப்பில்லை, வயரிங்தான் மோசம். அதைச் செய்த பெண்ணைப் பற்றி மானேஜருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், கருவி விஷயத்தோடு அதையும் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறாய்.

அந்தக் குறிப்பைக் கொடுக்காதே. இவ்வளவு தாளும் அதற்குத்தான். கொடுத்தால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும் என்பது உனக்கே தெரியும். ஏன் கொடுக்கக் கூடாது என்று சொல்வதானால், ஆறு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் அம்மா ஃபால்ஸ் அடித்து முடித்த புடவைகளைக் கொடுத்துவிட்டு வரப் பாண்டி பஜார் போயிருக்கிறாள். அங்கிருந்து உன் பெரியப்பா கடைக்கும் போவாள். அவள் திரும்புவதற்குள் எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம். பாதி தைரியம்தான் வருகிறது எனக்கு. உன்னிடம் சொல்ல வருகிறது, அவளிடம் சொல்ல வரவில்லை. அதனால்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிற போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அம்மா ஒரு காலத்தில் கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் வேலை செய்தாள் என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு நன்றாகச் செய்தாள் என்பது உனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த ஞாபகத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்துவிட்டோம். கல்யாணமான புதிதில் நான் ரேடியோ ரிப்பேர் செய்வதை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நான் கல்லூரிக்குப் போய்த் திரும்புவதற்குள், பாதியில் விட்டிருந்த ஒரு ரேடியோவை முடித்து வைத்திருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என்னுடைய ஜாயின்ட்டுகள் கஞ்சி வடிந்து உறைந்த மாதிரி இருக்கும். அவளுடையவை ஒவ்வொன்றும் வெள்ளியாகப் பளபளத்தன. “நீங்க ஈயத்தைச் சூடான இரும்பு மேல வெக்கிறீங்க. கம்பி மேல வெச்சுப் பாருங்க. கம்பி சூடானா ஈயம் தானா உருகிப் பிடிச்சுக்கும்” என்றாள். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவள் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் அந்தக் கம்பியின் உறை மேல், தன் சாந்துக் குப்பியிலிருந்து குச்சியை எடுத்து ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு இல்லாத கம்பி இன்னும் சோதிக்காத கம்பி. நாம் செய்து விற்ற பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்த கடைக்காரர் ஒருவர், “என்ன சார், உள்ளே ஒரே சுமங்கலிங்களா இருக்காங்க” என்று சிரித்தார். நான் அதை வந்து சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வடபழனியில் ஒரு ஃபிலிம் லேபுக்கு ஆறு டைமர் செய்து கொடுத்தோமே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். சினிமாவின் டைட்டில் எழுத்து வருகிற துண்டுப் படங்களைச் சின்னத் தொட்டிகளில் கழுவுவார்கள். இத்தனை நிமிஷம் மருந்தில் ஊற வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்த நிமிஷத்தை எண்ணி, தொட்டியின் மோட்டாரை நிறுத்தி, மணியடிக்க வேண்டியது நம் பெட்டியின் வேலை. டிசைன் என்னுடையது, வயரிங் உன் அம்மாவுடையது. ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு அங்கே ஃபோர்மேனாக இருந்த தாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னா சார், உங்க டப்பாவுக்கு இன்னாதான் கோவம்? நல்லா எண்ணிக்கினே வருது. பக்கத்து மோட்டார் நின்னா ஒடனே மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது. படம் மருந்துலயே ஊறிக் கன்னங்கரேல்னு ஆய்ப்போது. மொதலாளி என்னியப் பாத்து மொறைக்கிறாரு சார்.”

பக்கத்து மோட்டார் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். காசில்லாமல் விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார் மனுஷர். என் காதில் விழவில்லை. அப்போது என் மனசெல்லாம் வேறு எங்கோ இருந்தது. கல்லூரி லேபில் கழித்துப் போட்ட ஒரு சி.ஆர்.ஓ. ஏலத்துக்கு வந்திருந்தது. பச்சைக் கோடு ஓடுகிற திரையில் மின்சாரத்தின் அலையைக் கண்ணால் காட்டும் பெட்டி. எனக்குத் தேவையாக இருந்தது இரண்டு விளக்கு வைத்த ஒரு சோதனைக் குச்சிதான். அதை அரை நாளில் நானே செய்திருக்கலாம். ஆனால் சி.ஆர்.ஓ. வீட்டில் இருந்தால் எஞ்சினியர் மாதிரி இருக்குமே! எடுத்து வந்து இதே மேஜை மேல் வைத்து, உன்னையும் உன் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். நீ வாயைப் பிளந்து பார்த்தாய். அவள் மட்டும் அந்த ப்ரோப் என்கிற முனையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதால தொட்டுத்தானே பாக்கணும்? தொட்டா உள்ள இருக்கிறது மாறாதா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். இருபது வருஷம் லேபில் இருந்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வடபழனிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், டைமரின் மூடியைக் கழற்றி, எண்ணிக்கையை முதலுக்குத் திருப்புகிற கம்பியின் ஜாயின்ட்டில் ப்ரோபை வைத்தேன். பழுது போய்விட்டது. பக்கத்து மோட்டாரைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தோம், பெட்டி அசராமல் எண்ணிக்கொண்டு போனது. ப்ரோபை எடுத்தேன், பழுது வந்துவிட்டது. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் அப்படியே. அழுத்தினால் ஒழுங்காக எண்ணுகிறது, விட்டால் முதலுக்குத் திரும்புகிறது என்றால் என்ன அர்த்தம்? அந்த ஜாயின்ட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தம். லேபில் எந்தப் பையனும் இதைத்தான் சொல்வான். அந்தக் கம்பி மேல் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. எனக்கு அப்போது வந்தது வருத்தம் இல்லை, சங்கரா. நிம்மதி. தப்பு என் டிசைனில் இல்லை என்கிற நிம்மதி. தாஸிடம் சொன்னேன், “வயரிங் என் வீட்டுக்காரி செஞ்சது. பொம்பளை வேலை, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.” அவர் குனிந்து பார்த்துவிட்டு, “தங்கச்சி வேலையா சார்? இம்மாம் சுத்தமா கீதே” என்றார். நான் மூடியைப் போட்டுத் திருகினேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கும் செய்து காட்டினேன். தாஸ் ஒரு மோட்டாரை இரவல் கொடுத்திருந்தார். “பார், தொட்டா ஒழுங்கா எண்ணுது. எடுத்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது.” அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். அப்புறம் எப்படி மறுப்பாள்? ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். அதே பழுது. மறுபடி செய்தாள். அதே பழுது. நாலாவது தடவை அவள் கை நடுங்கியது. அதை மட்டும் நான் நன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டேன், என் முடிவுக்கு ஒரு சாட்சியாக. மறுநாள் அவளே கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வந்து என்னிடம், “கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ கைதான்” என்றாள். சால்டரிங் இரும்பைத் துடைத்து, கம்பியைச் சுற்றி, அலமாரிக்குள் வைத்துவிட்டு, “அவங்க படம் என்னால கெடுதுன்னா நான் இனிமே தொடமாட்டேன். நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க” என்றாள். வேறு ஆள் நீதான். பதினேழு வயது உனக்கு. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டாலும், மிக்ஸி நின்றாலும், “அம்மா கை பட்டிருக்கும்” என்று நீ சொல்வாய், நான் சிரிப்பேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கேலியை நீ விளையாட்டாகத்தான் செய்தாய், உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆரம்பித்து வைத்தவன் நான்.

எழுந்து போய்விட்டு வந்தேன். தபால்காரர்தான். இனி எழுதப் போவது இதைவிட மோசம் என்பதால்தான் கால் நிலைகொள்ளவில்லை.

நீ பற்றவைத்த பெட்டியிலும் அதே பழுது வந்தது. உனக்கு அது ஞாபகமே இருக்காது, ஏனென்றால் நான் உன்னிடம் அதைச் சொல்லவில்லை. உன் கையை நான் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகிக்கவில்லை பார். பையன் சரியாகத்தான் செய்திருப்பான், வேறு எங்கோ கோளாறு என்று உடனே புத்தி போனது. அந்தப் புத்தி உன் அம்மா விஷயத்தில் நாலு தடவையும் போகவில்லை. இந்த முறை ப்ரோபை ஜாயின்ட்டில் வைக்காமல், அதே கம்பியின் இன்னொரு முனையில், ஒரு சாண் தள்ளி வைத்தேன். பழுது மறைந்தது. லேசாக, அழுத்தாமல் வைத்தேன். அப்போதும் மறைந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ப்ரோபுக்கும் அதன் வயருக்கும் ஒரு சின்னக் கண்டன்சரின் குணம் உண்டு, வருகிற மின்சாரத்தைக் கொஞ்சம் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். மோட்டார் நிற்கிற நேரத்தில் அதன் வயரிலிருந்து நம் கம்பிக்கு ஊசி போல ஒரு அதிர்ச்சி தாவுகிறது. ப்ரோப் தொட்டுக்கொண்டிருக்கும்போது அதை விழுங்கிவிடுகிறது. நான் பழுதைப் பார்க்கவில்லை; பார்க்கப் போன இடத்திலெல்லாம் அதை மறைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வயரையும் பக்கத்தில் பக்கத்தில் போகும்படி வயரிங் படம் போட்டவன் நான். ஜாயின்ட்டுகள் ஆறு பெட்டியிலும் முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தன. துவரம்பருப்பு அளவில் ஒரு கண்டன்சரைப் போட்டேன். அதற்குப் பிறகு தாஸ் ஒரு நாளும் பெட்டியோடு வரவில்லை.

சொல்லத்தான் போனேன். அவள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். “கிடைச்சுதா?” என்றாள். “கிடைச்சுது, ஒரு கண்டன்சர் போட்டேன்” என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தன் மோசமான ஜாயின்ட்டுக்கு நான் ஏதோ முட்டுக்கொடுத்து ஒப்பேற்றியிருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு அது தெரிந்தது. மேலே கேட்பாள், கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். நாள் ஆக ஆக, ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை’ என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷக் கடைசியில் கிண்டியிலிருந்து அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. டெலிபோன் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை. அங்கே ஒரு எஞ்சினியர் எங்கள் லேபுக்கு வந்தபோது அவள் வயரிங் செய்த பழைய பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்க்க வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதை அவள் இரண்டு தடவை படித்தாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை. ‘என் கை இப்போது நிதானமாக இல்லை, தவறாக நினைக்க வேண்டாம்’ என்று நாலு வரி எழுதி, கவரில் போட்டு, போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். எல்லாம் தெரிந்த நான், அதை எடுத்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஃபால்ஸ் அடிக்க ஆரம்பித்தாள். புடவையின் ஓரத்தில் வெளியே ஒரு நூல் தெரியாமல் அவள் போடுகிற தையலைப் பாண்டி பஜாரில் கேட்டு வாங்குகிறார்கள். கை நிதானமில்லாதவள் போடுகிற தையலா அது? ஆறு வருஷமாக எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன், இல்லாவிட்டால் அப்பா புலம்பிவிட்டு விஷயத்தை விட்டுவிட்டார் என்பாய். எமுலேட்டர் கெட்ட கருவி இல்லை. ஆனால் அதைச் செருகிய நிமிஷத்தில் உன் சில்லு வழக்கிலிருந்து விலகிவிடுகிறது. அதன் இடத்தில் வந்திருப்பது திடகாத்திரமான வேறு ஆள். தன் கடிகாரத்தைத் தானே கொண்டுவருகிறான், தன் மின்சாரத்தைத் தானே சாப்பிடுகிறான். அவன் ஓடினான் என்பதை வைத்து உன் டிசைன் சரி என்று எப்படிச் சொல்வாய்? பத்து நிமிஷம் என்கிறாயே, அதை யோசித்தாயா? கம்பி ஒட்டாமல் இருந்தால் அது தட்டினால் நிற்கும், தூக்கினால் நிற்கும். மணி பார்த்துப் பத்தாவது நிமிஷத்தில் நிற்பது அபூர்வம். ஏதோ ஒன்று சூடாகிறது. போர்டுக்கு ஐந்து வோல்ட் கொடுக்கிற ரெகுலேட்டரை விரலால் தொட்டுப் பார், சுடுகிறதா? நிற்கிற சமயத்தில் சில்லின் காலடியிலேயே வோல்ட் எவ்வளவு என்று அள. சில்லுக்குக் கடிகாரத் துடிப்பைக் கொடுக்கிற கிரிஸ்டலை மாற்றிப் பார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அதே போர்டை உன் கையால் ஒரு தடவை வயரிங் செய்து ஓட்டிப் பார். உன் கைக்கும் அதே பத்து நிமிஷம் வந்தால் அப்புறம் யாரைப் பற்றிக் குறிப்பு எழுதுவாய்? என்னைக் கேட்டால், முதலில் அந்த ஸ்விட்சும் விளக்கும் உள்ள அட்டையைச் செய்துகொள். வாங்குவது அனலைசராக இருக்கட்டும். அதுவும் தொட்டுத்தான் பார்க்கும், ஆனால் எந்தச் சில்லின் நாற்காலியிலும் போய் உட்காராது, காது கொடுத்துக் கேட்பதோடு சரி. எமுலேட்டரை இரண்டாவது வருஷம் வாங்கலாம். எதை வாங்கினாலும், கருவியோடு ஒரு நாள், கருவி இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பார். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகி, அடுத்து உன்னை. மற்றவர்கள் கை அதற்கும் அப்புறம்தான்.

கேட் சத்தம் கேட்கிறது. இந்தத் தடவை அவள்தான்.

புதன் காலை. நேற்று அதோடு பேனாவை மூடி, தாள்களை ஒரு புத்தகத்துக்கு அடியில் தள்ளினேன். பையை வைத்துவிட்டு, “லீவு போட்டுட்டு யாருக்கு இவ்வளவு நீளமா எழுதறீங்க?” என்று கேட்டாள். “சங்கருக்கு, ஆபீஸ் விஷயம்” என்றேன். அப்போதும் மறைக்கத்தான் பார்த்தேன் என்பதைக் கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். தீபாவளிக்கு வரும்போது நீயே உன் வாயால் அவளிடம் சொல்லிவிடுவாய், நான் வேறு அறையில் இருந்துகொள்ளலாம் என்றுகூட மனதுக்குள் கணக்கு இருந்தது. அவள் சமையலறைக்குப் போய் அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். என்னால் இருக்க முடியவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், வாசற்படியில் நின்றபடி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தாஸிடம் நான் சொன்னது வந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. “சத்தமா படிங்க” என்றாள். சத்தமாகப் படித்தேன். கிண்டிக் கடிதத்தைப் பற்றிய இடம் வந்தபோது அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

முடித்துவிட்டுத் தாள்களை மடித்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. “நான் எழுதினதை நீங்க போஸ்ட் பண்ணாம கிழிச்சாவது போட்டிருக்கலாம்” என்றாள். ஆமாம் என்றேன். “இதைப் பத்தி உங்ககிட்ட நான் நிறையப் பேசணும். இப்போ இல்ல” என்று எழுந்தாள். “இத்தனை தாள் எழுதியிருக்கீங்களே, இது பெங்களூர் போய்ச் சேர எத்தனை நாள்? அவன் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்காம நாளைக்கே குடுத்துட்டா? அவன் உங்க பிள்ளைதானே?” அப்படியே, கட்டின புடவையோடு, தந்தி ஆபீசுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஃபாரத்தை என்னிடம் கொடுக்கவில்லை. குறிப்பைக் கொடுக்காதே என்று பக்கத்தில் நின்றிருந்த காலேஜ் பெண்ணிடம் சொல்லி இங்கிலீஷில் எழுத வைத்து, அனுப்புகிறவர் பெயரில் தன் பெயரைப் போட்டாள். அந்தத் தந்தி இதற்கு முன்னால் உன் கைக்கு வந்திருக்கும். காரணம் புரியாமல் முழித்திருப்பாய். காரணம் இந்தத் தாள்களில் இருக்கிறது.

திரும்பி வந்ததும் உன் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துத் தேடினாள். “பேரைக் காணோமே” என்றாள். யார் பேர் என்றேன். “இந்தப் பொண்ணு பேர்தான். மூணு கருவிக்கும் பேர் போட்டிருக்கான், நம்பர் போட்டிருக்கான், எந்த நாட்டுச் சரக்குன்னுகூட எழுதியிருக்கான். இவளுக்குப் பேர் எழுதல.” ஐந்து முறை படித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. உன் கேள்விக்குப் பதில் சொல்கிற மும்முரத்தில் நானும் அவளை அந்தப் பெண், அந்தப் பெண் என்றேதான் எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

இன்று காலை என்னிடம் அவள் பேசியது இது ஒன்றுதான், உனக்கு எழுதச் சொன்னாள்: எந்தக் கருவி வாங்கினாய் என்பதை மெதுவாகத் தெரிவித்தால் போதும். முதலில் வயரிங் செக்ஷனுக்குப் போய் அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு எழுது. யார் கேட்டார்கள் என்று அவள் கேட்டால், அம்மா என்று சொல்லாதே. கோமதி என்று சொல்.

அப்பா